ஜீப்பின் பின் அச்சு ஏன் முறிந்தது?

கங்கைகொண்ட சோழபுரத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கல்லூரியில் என்னுடன் படித்தவர். படிப்பு முடிந்ததும் நான் இயற்பியல் கற்பிக்கப் போனேன். அவர் தம் தந்தையாரின் முந்திரித் தோப்பையும் புன்செய் நிலத்தையும் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்பிவிட்டார். அவரிடம் பழைய ஜீப் ஒன்று உண்டு. உர மூட்டை, முந்திரிக்கொட்டை, தண்ணீர்ப் பீப்பாய், கோயிலுக்குப் போகும் உறவினர் என்று எல்லாவற்றையும் சுமப்பது அந்த ஜீப்தான். பள்ளம் மேட்டில் தரை தட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் அதற்குப் பெரிய டயர்களையும் மாட்டியிருந்தார்.

ஒரு கோடை விடுமுறையில் அவர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். முறைப்படி அனுமதி பெற்று ஏரியிலிருந்து வண்டல் மண் எடுத்து வயலில் போட்டுக்கொண்டிருந்தார். இன்று பொன்னேரி என்று வழங்கும் அந்த ஏரிதான் முதலாம் இராசேந்திர சோழன் அமைத்த சோழகங்கம். நீரால் ஆன வெற்றித் தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு வருணிக்கிறது. அந்த வெற்றித் தூணின் நடுவில் எங்களுக்கு அன்று கிடைத்தது தோல்வி.

முந்தின இரவு ஒரு கோடை மழை பெய்திருந்தது. மண் நிறைந்த ஜீப் ஏரியின் நடுவே ஒரு சேற்றுப் பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் வழுக்கிச் சுழன்றனவே தவிர, வண்டி நகரவில்லை. இயற்பியல் ஆசிரியன் அருகில் இருக்கும்போது சும்மா இருக்கலாமா? உராய்வுக் குணகம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று விளக்கிவிட்டு, கரையோரம் கிடந்த இரண்டு கற்களை எடுத்துவந்து பின் சக்கரங்களின் முன்னால் செருகினேன். "இப்போது நன்றாக அழுத்து!" என்றும் சொன்னேன்.

நண்பர் அழுத்தினார். வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த சக்கரங்கள் கல்லைக் கவ்வின. அந்த நொடியில் 'டொக்' என்று ஓர் ஓசை. அதன்பின் எஞ்சின் உறுமியது. வண்டியின் அடியில் புரொப்பெல்லர் ஷாஃப்டும் சுற்றியது. வண்டி மட்டும் அசையவில்லை. வலப்புறப் பின் சக்கரம் சற்றே சாய்ந்து நின்றது.

"ஆக்சில் கட்டாயிடுச்சு, வாத்தியாரே" என்றார் நண்பர்.

ஒரு டிராக்டரின் ஹைட்ராலிக்கில் ஜீப்பின் பின்புறத்தைத் தூக்கிக் கட்டி, செயங்கொண்டத்திலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வழியெல்லாம் நண்பர் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: "இந்த ஆக்சிலே வேண்டாம். பெரிய வண்டியோட ஆக்சிலா பார்த்து மாட்டிடணும்." நானும் ஆமாம் போட்டேன். கல் வைத்தவன் நான் அல்லவா? பெரிய அச்சு என்றால் எவ்வளவு பெரியது? அச்சை முறிப்பது எது? அன்று மாலை ஒரு காகிதத்தில் நான் போட்ட கணக்கையும், அதில் நான் செய்த பிழைகளையும் இங்கே சொல்கிறேன்.

மாட்டு வண்டியின் இருசும் ஜீப்பின் அச்சும்

மயிற்பீலியே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று திருக்குறளில் படித்திருப்பீர்கள். வள்ளுவர் கண்ட அச்சு மாட்டு வண்டியின் அச்சு. நாட்டுப்புறத்தில் அதனை இருசு என்பார்கள். அது சுழல்வதில்லை. வண்டிக்கு அடியில் அசையாமல் கிடக்கும். சக்கரத்தின் குடம் அதன்மேல் சுழலும். குடம் கழன்று வராமல் கடையாணி காக்கும். மேலே உள்ள பாரம் இருசை வளைக்கப் பார்க்கிறது. இழுப்பது மாடு, ஆகவே இருசை முறுக்குவார் யாரும் இல்லை.

ஜீப்பில் நிலைமை வேறு. இங்கே சக்கரத்தைச் சுழற்றுவதே அச்சுதான். எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டி வழியாகவும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகவும் பின்னால் வந்து, நடுவிலுள்ள பானை போன்ற பகுதிக்குள் நுழைகிறது. அங்கே சிறிய பினியன் பெரிய கிரவுன் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதற்குள் இருக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு, திருப்புத்திறனை இடம் வலம் இரண்டு தண்டுகளுக்கும் சமமாகப் பகிர்கிறது. அந்தத் தண்டுகளைத்தான் பட்டறையில் ஆக்சில் என்கிறார்கள். ஒரு முனையைக் கிரவுன் பக்கம் முறுக்க, மறுமுனையைத் தரை பிடித்து நிறுத்த, ஈரத் துணியைப் பிழிவது போல் அந்தத் தண்டு பிழியப்படுகிறது.

எவ்வளவு முறுக்கு?

இரண்டாம் உலகப் போரின்போது ஆறு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வில்லிஸ் வகை ஜீப்பின் எண்களை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியதும் வில்லிஸ் ஜீப்புகளையே. என் நண்பருடையது அதன் வழியில் வந்த பிந்தைய மாடல்.

போர்க்கால ஜீப்பின் எஞ்சின் தந்த பெருமத் திருப்புத்திறன் ஏறத்தாழ 142 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் இது 2.66 மடங்காகும். கரடுமுரடான இடத்துக்கென்று உள்ள 'லோ' கியரையும் போட்டால் மேலும் 1.97 மடங்கு. கிரவுனும் பினியனும் சேர்ந்து 4.88 மடங்கு. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 25.6 வரும். அப்படியானால் அச்சுகளுக்கு வந்து சேரும் திருப்புத்திறன் 142 × 25.6, அதாவது ஏறத்தாழ 3,600 நியூட்டன் மீட்டர். பல்சக்கர உராய்வில் போகும் சிறு இழப்பை விட்டுவிடுவோம். முன் சக்கரங்கள் சேற்றில் பிடிப்பின்றி இருந்தால் இது கிட்டத்தட்ட முழுவதும் பின் அச்சுக்கே போகும். இடம் வலம் பாதியாகப் பிரித்தால் ஒரு தண்டுக்கு 1,800.

நான் முதலில் போட்ட கணக்கு இவ்வளவுதான். எஞ்சின் 1,800 தருகிறது, ஆகவே தண்டு 1,800 தாங்க வேண்டும் என்று எழுதினேன். இது பாதி உண்மை. எஞ்சின் கொடுத்தால் மட்டும் போதாது; எதிர்முனையில் தரை அதனைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தூக்கி நிறுத்திய ஜீப்பின் அச்சை எந்த எஞ்சினாலும் மெதுவாக முறுக்கி உடைக்க முடியாது. சக்கரம் சும்மா சுற்றிவிடும். கதவின் கைப்பிடி வழுக்கினால் கதவு திறக்காதது போலத்தான் இதுவும்.

தரை எவ்வளவு பிடிக்கும்? சாதாரணமான சுமையில் பின் சக்கரம் ஒன்றின்மேல் 400 கிலோ எடை இருப்பதாகக் கொள்வோம். அதன் விசை 400 × 9.8, அதாவது 3,920 நியூட்டன். உலர்ந்த கெட்டித் தரையில் உராய்வுக் குணகம் 0.8 என்றால், டயர் வழுக்காமல் தாங்கும் விசை 3,136 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 0.36 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1,130 நியூட்டன் மீட்டர்.

1,800ஐ எஞ்சின் கொடுக்க முடியும். ஆனால் 1,130ஐத் தாண்டும்போதே டயர் வழுக்கிவிடும். இரண்டில் எது சிறியதோ அதுவே தண்டுக்கு வரும் முறுக்கு. வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் கம்பி செய்யும் வேலையை இங்கே டயர் செய்கிறது.

இனி நண்பரின் ஜீப்பைப் பார்ப்போம். அன்று ஈர மண்ணைக் குவித்து ஏற்றியதில் பின் சக்கரம் ஒன்றின்மேல் 700 கிலோவாவது இருந்திருக்கும். பெரிய டயரின் ஆரம் 0.40 மீட்டர். பழைய கணக்கையே மீண்டும் போடுங்கள்: 700 × 9.8 × 0.8 × 0.40. விடை ஏறத்தாழ 2,200. அதாவது எஞ்சினின் 1,800ஐயும் தாண்டிவிட்டது. ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டது போல, வழுக்க வேண்டிய டயர் இனி வழுக்காது. எஞ்சினை மாற்றாமலே, கியரை மாற்றாமலே, மண்ணாலும் டயராலும் மட்டுமே தண்டின்மேல் வரக்கூடிய முறுக்கு 1,130இலிருந்து 1,800க்கு உயர்ந்துவிட்டது. வண்டியை மேம்படுத்துவதாக எண்ணிப் பெரிய டயர் மாட்டுபவர்கள் இதனை யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

இது மெதுவாக ஏறும் முறுக்கின் கணக்கு. நான் வைத்த கல் செய்த வேலை இன்னும் கொடியது. சேற்றில் சக்கரம் சுழலும்போது எஞ்சினில் கனத்த ஃபிளைவீலும் அதனோடு சேர்ந்து சுழல்கிறது. சக்கரம் திடீரென்று கல்லில் நின்றால் ஃபிளைவீலும் நின்றாக வேண்டும். ஃபிளைவீல் சக்கரத்தைவிட 25.6 மடங்கு வேகமாகச் சுழல்வதால், சக்கரத்தின் பக்கமிருந்து பார்த்தால் அதன் நிலைமத் திருப்புத்திறன் 25.6இன் வர்க்கம், அதாவது சுமார் 655 மடங்காகத் தோன்றும். கையால் உருட்டக்கூடிய ஓர் இரும்புத் தட்டு, பாறாங்கல்லாக மாறியது போல். அதன் ஆற்றல் முழுவதும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் போக வழியில்லாமல் தண்டின் முறுக்கத்துக்குள் புகுகிறது. கிளட்சை மிதித்திருந்தால் இந்தத் தொடர்பு அறுந்திருக்கும். "நன்றாக அழுத்து" என்று நான் சொன்னது ஆக்சிலரேட்டரை.

மும்மடி

பட்டறையில் மெக்கானிக் தண்டை வெளியே எடுத்தார். வெர்னியர் அளவி கொண்டு அதன் மிக ஒல்லியான இடத்தை அளந்தேன். 30 மி.மீ.

முறுக்கப்படும் தண்டுக்குள் தகைவு எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. நடு அச்சில் சுழி, மேற்பரப்பில் பெருமம். மேற்பரப்பில் தோன்றும் சறுக்குத் தகைவைக் காண, திருப்புத்திறனை 16ஆல் பெருக்கி, பை என்னும் எண்ணாலும் விட்டத்தின் மும்மடியாலும் வகுக்க வேண்டும். 30 மி.மீ. தண்டுக்கு 1,130 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 213 மெகாபாஸ்கல் கிடைக்கும். 2,200 கொடுத்தால் 415. தக்க கலப்பு எஃகைப் பதப்படுத்திச் செய்த தண்டு ஏறத்தாழ 500 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக முறுகிப்போகாமல் தாங்கும். சாதாரண மென் எஃகோ 140, 150க்குள்ளேயே விட்டுக்கொடுத்துவிடும். கடைசல் பட்டறையில் கிடைக்கும் ஏதோ ஓர் இரும்புத் தண்டைக் கடைந்து ஆக்சிலாக மாட்டினால், சுமை இல்லாத ஜீப்பிலேயே அது முறுக்கு விழுந்து கயிறு போலாகும் என்பது இந்த இரு எண்களிலிருந்தே தெரிகிறது.

வகுக்கும் எண் விட்டத்தின் மும்மடி என்பதை மறந்துவிடாதீர்கள். தண்டு 30இலிருந்து 33 மி.மீ. ஆனால் பருமன் கூடியது பத்தில் ஒரு பங்குதான், வலிமையோ 1.1 × 1.1 × 1.1, அதாவது 1.33 மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியாத 3 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு வலிமையைக் கூட்டிவிட்டது! விட்டம் இரட்டித்தால் வலிமை எட்டு மடங்கு. நடுப்பகுதி அதிகம் உழைப்பதில்லை என்பதால் அதைக் குடைந்து எடுத்துவிடவும் செய்யலாம். விட்டத்தில் பாதியளவுக்குத் துளையிட்டால் எடையில் கால் பங்கு குறையும்; வலிமையில் குறைவது பதினாறில் ஒரு பங்கு மட்டுமே. மூங்கில் இந்தக் கணக்கை நமக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கிறது.

முறுக்கினால் பொருள் எப்படி உடைகிறது என்பதை உங்கள் வகுப்பறையிலேயே பார்க்கலாம். ஒரு முழுச் சாக்பீஸை இரு கைகளாலும் பிடித்து, வளைக்காமல் மெல்ல முறுக்குங்கள். அது குறுக்கே நேராக உடையாது. 45 பாகைச் சாய்வில் திருகாணியின் புரிபோல் சுற்றிக்கொண்டு உடையும். சாக்பீஸ் நொறுங்கும் பொருள். முறுக்கும்போது சாய்வாக ஏற்படும் இழுவிசையைத் தாங்காமல் பிளக்கிறது. மென் எஃகுக் கம்பியோ வளைந்து கொடுக்கும் பொருள். சறுக்குத் தகைவால் அறுந்து, கத்தியால் வெட்டியது போல் குறுக்கே நேராக முறியும். உடைந்த முகத்தைப் பார்த்தே உடைத்தவர் யார் என்று சொல்லிவிடலாம்.

எனவே நண்பரின் தண்டின் முறிந்த முகத்தை ஆவலோடு பார்த்தேன். எதிர்பார்த்தது அங்கே இல்லை.

முறிந்த முகம் சொன்ன கதை

மெக்கானிக் ஐம்பதைத் தாண்டியவர். முகத்தைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "சார், நீங்க கல்லு வெச்சதுனால முறியல. இது ரொம்ப நாளா முறிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றார்.

முகத்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி மழமழப்பாக, கறுத்துப்போய் இருந்தது. அதில் மெல்லிய வளைவரிகள், அலை வந்து திரும்பிய ஈர மணலில் விழும் கோடுகள் போல, ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. அவையெல்லாம் விளிம்பில் ஓரிடத்திலிருந்து பரவியிருந்தன. மீதிப் பகுதி மட்டும் வெள்ளி போலப் பளபளத்துச் சொரசொரப்பாக இருந்தது. அன்று ஏரியில் முறிந்தது அந்தப் பளபளக்கும் பகுதிதான்.

இதற்கு உலோக அயர்ச்சி என்று பெயர். ஒரு கம்பியை ஒரு முறை வளைத்தால் உடையாது. அங்கும் இங்குமாகப் பலமுறை வளைத்தால் உடைந்துவிடும். அச்சிலும் இதே கதை. நண்பரின் ஜீப்பில் தண்டின் வெளிமுனை முறுக்கை மட்டும் வாங்குவதில்லை. வண்டியின் எடையையும் சுமக்கிறது. அதனால் அது மிக மிகச் சிறிதளவு வளைகிறது. வளைந்தபடியே சுழல்வதால், மேற்பரப்பிலுள்ள ஒரு புள்ளி மேலே வரும்போது ஒரு விதமாகவும் கீழே போகும்போது நேர்மாறாகவும் இழுபட்டும் அமுங்கியும் துன்புறுகிறது. 0.36 மீட்டர் ஆரமுள்ள சக்கரம் ஒரு கிலோமீட்டரில் சுமார் 442 முறை சுழலும். 20,000 கிலோமீட்டர் ஓடினால் 88 லட்சம் முறை. எந்தக் கம்பியை நாம் இத்தனை முறை வளைத்துப் பார்த்திருக்கிறோம்?

மனிதகுலம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1842 மே 8ஆம் நாள் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் முன் எஞ்சினில் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பிடித்தன. பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்களை ஆராய்ந்த தூமோன் தூர்வீலும் அவர்களுள் ஒருவர். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்துப் பொறியியலார் ராங்கின் முறிந்த ரயில் அச்சுகளை ஆராய்ந்து, தண்டின் விட்டம் திடீரென்று மாறும் கூரான மூலையில்தான் விரிசல் தொடங்குகிறது என்றும், அந்த மூலையை வளைவாக அமைக்க வேண்டும் என்றும் எழுதினார். பிறகு ஜெர்மனியில் ஆகுஸ்ட் வோலர் என்பவர், ரயில் அச்சு எஃகைப் பல ஆண்டுகள் பொறியில் சுழற்றிச் சுழற்றிச் சோதித்தார். ஒரே சுமையில் உடையாத எஃகு, அதைவிட மிகக் குறைந்த சுமையை லட்சக்கணக்கான முறை மாற்றி மாற்றிக் கொடுத்தால் உடைகிறது என்பதும், ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே வைத்திருந்தால் எஃகு எத்தனை முறையும் தாங்குகிறது என்பதும் அவர் கண்டவை.

நண்பரின் தண்டு முறிந்திருந்ததும் அத்தகைய ஒரு மூலையில்தான். பேரிங் உட்காரும் இடத்தில் விட்டம் மாறும் தோள்பட்டையில் துருப்பிடித்த ஒரு கீறல். அங்கேதான் வளைவரிகள் தொடங்கின. பெரிய டயருக்காக மாட்டிய அகன்ற சக்கரங்கள் வெளியே தள்ளி நின்றதால் வளைவும் கூடியிருக்கிறது.

என் மனத்தில் இருந்த குற்ற உணர்ச்சி சற்றுத் தணிந்தது. அடுத்த கணமே வேறொன்று நினைவுக்கு வந்து உடல் சில்லிட்டது. முந்தின வாரம் இதே ஜீப்பில் எங்கள் இரு குடும்பத்துப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அணைக்கரைப் பாலத்தின்மேல் போய் வந்தோம். அந்த விரிசல் அன்றும் அங்கே இருந்தது.

எந்த அச்சைத் தேர்வது?

இத்தகைய அச்சை அரை மிதவை அச்சு என்பார்கள். தண்டே சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். பேரிங்குக்கு வெளியே தண்டு முறிந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடும். இன்னொரு வகை முழு மிதவை அச்சு. அதில் வெளியே உள்ள குழாய் போன்ற உறையின்மேல் இரண்டு பேரிங்குகளை வைத்து, அவற்றின்மேல் சக்கரக் குடத்தை உட்கார வைத்திருப்பார்கள். எடையைச் சுமப்பது சுழலாத அந்த உறை. தண்டுக்கு முறுக்கு வேலை மட்டுமே. உற்றுப் பார்த்தால், நம் மாட்டு வண்டி இருசையே குழாயாக்கி, அதற்குள் ஒரு முறுக்குத் தண்டை நுழைத்தது போன்ற அமைப்பு இது. தண்டு முறிந்தாலும் சக்கரம் கழலாது. லாரிகளின் பின் சக்கரத்தின் நடுவே போல்ட்டுகள் வட்டமாகப் பூட்டிய தட்டு ஒன்று துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது முழு மிதவைத் தண்டின் தலை. போர்க்கால ஜீப்பின் பின் அச்சும் முழு மிதவைதான். பின்னாளில் பொதுமக்களுக்காக வந்த ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அரை மிதவை அச்சே அமைந்தது.

மூன்றாவதாக ஒரு தந்திரமும் உண்டு. அரியலூர்ப் பக்கத்தில் சிமென்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டும் சுரங்கங்கள் பல. இத்தகைய சுரங்கங்களில் ஓடும் பெரிய டம்பர்களில், கியர் விகிதத்தின் ஒரு பகுதியைச் சக்கரக் குடத்துக்குள்ளேயே ஒரு பல்சக்கரத் தொகுதியாக வைத்துவிடுவார்கள். திருப்புத்திறன் கடைசி இடத்தில்தான் பெருகுகிறது. அதற்கு முந்தி வரும் தண்டு அந்த விகிதத்தில் குறைந்த முறுக்கையே காண்கிறது. தண்டைத் தடிமனாக்காமல் அதன் வேலையைக் குறைக்கும் வழி இது.

ஜீப்புக்கு இதெல்லாம் எட்டாது. ஆனால் பட்டறையின் மூலையில் கனரக வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய முழு மிதவைப் பின் அச்சு கிடந்தது. தண்டை அளந்தேன், 36 மி.மீ. மும்மடிக் கணக்குப்படி 1.73 மடங்கு வலிமை. "இதுவேதான்!" என்று நண்பரிடம் சொன்னேன். 30 மி.மீ. தண்டு இருந்த இடத்தில் 36 மி.மீ. தண்டை மட்டும் நுழைக்க முடியாது. பேரிங்கின் துளையும், டிஃபரன்ஷியலில் தண்டின் பற்கள் நுழையும் துளையும் அதற்கென்றே அளவெடுத்தவை. ஆகவே மாற்றுவதானால் அச்சு முழுவதையும்தான் மாற்ற வேண்டும்.

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. ஜீப்பின் முன் அச்சருகே போய், "சார், இதுல கிரவுன் 43 பல்லு, பினியன் 8 பல்லு. அந்தப் பெரிய ஆக்சில்ல 41க்கு 9" என்றார். எனக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. 43ஐ 8ஆல் வகுத்தால் 5.38. 41ஐ 9ஆல் வகுத்தால் 4.56. முன் அச்சும் பின் அச்சும் ஒரே கியர் பெட்டியிலிருந்து சுழற்சி பெறுகின்றன. விகிதம் மாறினால், முன் சக்கரம் 100 மீட்டர் உருளும் நேரத்தில் பின் சக்கரம் 118 மீட்டர் உருளப் பார்க்கும். சேற்றில் வழுக்கிச் சமாளிக்கும். கெட்டித் தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, எது பலவீனமோ அதை உடைத்துவிடும். பிசிக்ஸ் வாத்தியார் கோட்டைவிட்ட இடம் இதுதான்.

இன்னும் இருந்தன. பெரிய கிரவுனைக் கொண்ட அந்த அச்சின் பானை 4 செ.மீ. கீழே தொங்கியது, பெரிய டயர் மாட்டிப் பெற்ற தரை இடைவெளியை அது அப்படியே விழுங்கிவிடும். ஸ்பிரிங் உட்காரும் இடமும் பிரேக்கும் பொருந்த வேண்டும். நிறுவனம் செய்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக மெக்கானிக் ஒரு கேள்வி கேட்டார்: "ஆக்சில் முறியலைன்னா அந்த முறுக்கு எங்க சார் போகும்?" கிரவுன் பல்லுக்குப் போகும், புரொப்பெல்லர் ஜாயிண்டுக்குப் போகும். தண்டு அரை நாள் வேலை. கிரவுன் பினியன் உடைந்தால் அச்சு முழுவதையும் பிரிக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணியைத் தடித்ததாக்கினால் அடுத்த கண்ணி முறைக்கு வந்து நிற்கும்.

நண்பர் நெடுநேரம் யோசித்தார். அவருக்குப் பெரிய அச்சின்மேல் ஆசை விடவில்லை. கடைசியில் என் காகிதத்தை வாங்கி, 2,200 என்று எழுதியிருந்ததன்மேல் விரல் வைத்து, "இதைக் குறைக்க என்ன வழி?" என்றார். பழைய அளவு டயர், பழைய சக்கரம், பாதி மண். கணக்கு 1,130க்குத் திரும்பிவிடும். டயர் மறுபடியும் ஃபியூஸ் ஆகிவிடும். மண்ணுக்கு டிராக்டரை வாடகைக்கு எடுப்பது என்றும், ஜீப்புக்கு அதே 30 மி.மீ. அளவில் பதப்படுத்திய நல்ல எஃகுத் தண்டு ஒன்றை வாங்குவது என்றும் முடிவாயிற்று. முழு மிதவை அச்சே பாதுகாப்பானது என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. 43க்கு 8 பல் கிரவுனோடு ஒன்று கிடைத்தால் வாங்கிக்கொள்வதாக அவரும் சொல்லியிருக்கிறார்.

"ஒண்ணு போதாதுண்ணே, ரெண்டு வாங்குங்க" என்றார் மெக்கானிக். இடப்புறத் தண்டு நன்றாகத்தானே இருக்கிறது என்றார் நண்பர். மெக்கானிக் அதையும் உருவி எடுத்தார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வெளியே எடுத்து உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்தார். என் சட்டைப் பையில் இருந்த சாக்பீஸைக் கேட்டு வாங்கிப் பொடியாக்கி, தோள்பட்டைப் பகுதியில் மெல்லிதாகத் தூவினார். ரயில்வேப் பட்டறைகளில் முற்காலத்தில் அச்சுகளைச் சோதித்த முறை இதுவே. பிறகு தண்டைச் சுத்தியலால் இலேசாகத் தட்டினார்.

சிறிது நேரத்தில், வெண்மையான பொடியின் நடுவே, தண்டைக் கால் வட்டம் சுற்றி ஈரக்கோடு ஒன்று மெல்லக் கசிந்து எழுந்தது.